பி.டி. மாஸ்டர் எங்கிருந்து வந்தார்?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளி நாட்களில் ஆடியது கைப்பந்து. ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் நசுங்கிப்போன பையன். அவருக்குள் உயரம் தாண்டும் திறன் இருப்பதைக் கண்டு அந்தப் பக்கம் திருப்பிவிட்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். பெங்களூரில் பயிற்சியாளர் சத்யநாராயணா அவரை உலகத் தரத்துக்கு உயர்த்தியது பிறகு நடந்தது. கைப்பந்துத் திடலில் நிற்கும் பையனிடம் உயரம் தாண்டுபவனைப் பார்க்க, இரண்டு ஆட்டமும் தெரிந்த ஒருவர் அதே ஊரில் இருக்க வேண்டும். இருந்தார் என்பதுதான் முக்கியம்.

ஓமலூரிலிருந்து பரமத்தி வேலூர் வரை, அரசுப் பள்ளி மைதானங்களில் அந்த ஒருவரை 'பி.டி. மாஸ்டர்' என்றே கூப்பிடுகிறோம். கபடி, கோ-கோ, கைப்பந்து, குண்டு எறிதல் என்று குறுவட்டப் போட்டிக்குப் போகும் எல்லா அணிகளும் அவர் பொறுப்பு. காலை வழிபாட்டுக்கு வரிசை கட்டுவதும் அவர்தான்.

இந்த வேலை உருப்பெற்ற இடங்களில் ஒன்று அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. அங்கே ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் கூடைப்பந்தை உருவாக்கினார். நான்கு ஆண்டு கழித்துப் பக்கத்து ஊரான ஹோலியோக்கின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். அன்றைய அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில், பருவத்துக்கு ஏற்ப ஒரே ஆள் கால்பந்து, கூடைப்பந்து, தடகளம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். நெய்ஸ்மித் பிறகு கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு உடற்கல்விப் பொறுப்பாளராகப் போனார். அங்கே கூடைப்பந்து அணியை நடத்திய பயிற்சியாளர்களில், வென்றதைவிடத் தோற்ற ஆட்டங்கள் அதிகம் உள்ளவர் அவர் ஒருவர்தான். அவருக்கு மாணவனின் உடம்பும் குணமும் பெரிது, கோப்பை பெரிதல்ல.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான் ஹாரி க்ரோ பக். பென்சில்வேனியாவில் 1884-ல் பிறந்த இவர் முதல் உலகப் போர் முடிந்த கையோடு சென்னைக்கு வந்தார். 1920-ல், எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில், ஐந்தே மாணவர்களோடு உடற்கல்விப் பள்ளி தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். இத்துறையில் ஆசியாவின் முதல் கல்லூரி என்று சொல்லப்படுவது. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளரும் அவரே. அந்த அணியில் தடை ஓட்டம் ஓடிய சி.கே. லட்சுமணன் சென்னையோடு தொடர்புடைய வீரர்.

ஆனால் ஒலிம்பிக்கைவிட, அவர் ஆசிரியர்களை உருவாக்கியதையே நான் பெரிதாகச் சொல்வேன். ஒரே விளையாட்டில் தேர்ந்தவரை அவர் தேடவில்லை. உடற்கூறு, உடலியங்கியல், முதலுதவி, ஆட்ட விதிகள், மைதானம் அளந்து கோடு போடுவது, போட்டி நடத்துவது எல்லாம் தெரிந்த ஆசிரியரே அவருக்குத் தேவை. மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் ஊர்ச் சடுகுடுவுக்கும் இடம் கொடுத்தார். ஆட்ட விதிகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். சடுகுடு ஊருக்கு ஊர் ஒரு மாதிரி ஆடப்பட்ட காலம் அது. ராசிபுரத்துப் பையனும் ஆத்தூர்ப் பையனும் ஒரே களத்தில் மோத வேண்டுமென்றால் எழுதப்பட்ட விதி வேண்டும், அதைப் படித்த நடுவர் வேண்டும். 1943-ல் பக் மறைந்தபோது அவர் மாணவர்கள் பல ஊர்ப் பள்ளிகளில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் பல ஆட்டம் கற்பிக்கும் கல்லூரிப் பயிற்சியாளர் நாளடைவில் அரிதாகிப்போனார். விளையாட்டில் பணம் புழங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனி நிபுணர் வந்துவிட்டார். நம் கிராமப் பள்ளியில் அந்த வேலை இன்னும் உயிரோடு இருக்கிறது. தறிக்கும் கோழிப்பண்ணைக்கும் லாரிப் பட்டறைக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் பணம் கட்டி அகாடமியில் சேர முடியாது. அவர்களுக்கு முதல் பயிற்சியாளர் பி.டி. மாஸ்டர்தான், பலருக்குக் கடைசிப் பயிற்சியாளரும் அவரே. உடற்கல்வி பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் கொடுக்கும் பள்ளிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இன்னொரு மாரியப்பன் அந்த நேரத்தில் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பேருக்கு மேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் அதன் அட்டவணை சொல்கிறது. இதையொட்டித் தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி பாடங்களுக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாயில் சேர்க்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறாரா, மைதானம் இருக்கிறதா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கலாம். அந்தக் குழுவில் பெரும்பான்மை அவர்கள்தான்.