ஓர் அடைவும் பல வழங்கிகளும்

சொல்லடைவு தமிழாசிரியர்க்குப் புதிதன்று. ஒரு சொல் எந்த நூலில், எந்த அடியில் வருகிறது என்பதை அகர வரிசையில் காட்டும் ஏடு அது. பழந்தமிழ் இலக்கியத்திற்கு அத்தகைய பேரடைவு ஒன்றைப் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. கணினியில் சொல் தேடுவதும் இம்முறையினாலேயே நடைபெறுகிறது. கணினி பக்கங்களைப் புரட்டுவதில்லை. முன்னரே ஆக்கி வைத்த அடைவைப் பார்த்து விடை கூறுகிறது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சடைவு முடிந்தால் முடிந்ததே. கணினியின் அடைவோ நாள்தோறும் மாறுவது. புதியன சேரும்; பழையன திருத்தப்படும்; சில நீக்கப்படும்.

வாசகர் பெருகும்போது விடை வழங்கும் கணினி ஒன்று போதாது. ஆகவே, வழங்கிகள் எனப்படும் அக்கணினிகள் பலவற்றை நிறுத்தி, வரும் வினாக்களைப் பங்கிட்டு அனுப்பும் கருவி ஒன்றை முன்னே வைப்பர். எந்த வழங்கி விடை தந்தது என்பதை வாசகர் அறியார். அதனாலேயே எல்லா வழங்கிகளும் ஒரே விடையைத் தரவேண்டியது கட்டாயமாகிறது. மருந்தின் அளவைத் தவறாகக் கூறிய குறிப்பொன்று காலையில் திரும்பப் பெறப்பட்டது என்று கொள்வோம். ஒரு வழங்கி அதனை மறந்தது. மற்றொன்று மாலையிலும் காட்டுகிறது. இதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

அடைவைப் பொதுவான ஒரு வட்டில் வைத்து, எல்லா வழங்கிகளும் அதிலேயே படிக்கவும் எழுதவும் விடலாமே என்பது யார்க்கும் முதலில் தோன்றும் எண்ணம். இதிலுள்ள இடரை அறிய, டக் கட்டிங் என்பார் 1999-இல் தொடங்கிய லூசீன் என்னும் தேடற்கருவியின் அமைப்பை நோக்க வேண்டும். லூசீன் ஒருமுறை எழுதியதை மாற்றுவதில்லை. புதியனவற்றைச் சிறு துணுக்குகளாக எழுதிப் பின்னர் அவற்றைப் பெருந்துணுக்குகளாக இணைக்கும். எத்துணுக்குகள் நடப்பில் உள்ளன என்பதை ஒரு பட்டியல் காட்டும். இருவர் ஒருங்கே எழுதப் புகுந்தால் பட்டியல் சிதையும். அதனைத் தடுக்கவே எழுதுவோன் பூட்டிட்டு எழுதுகிறான். கணினியின் சொந்த வட்டில் இப்பூட்டு நன்கு வேலை செய்கிறது; வலையின் வழியே பகிரும் வட்டிலோ இதனை முற்றும் நம்ப இயலாது. இணைப்பு முடிந்ததும் பழைய துணுக்குகள் அழிக்கப்படுகின்றன. யூனிக்சு முறையில், ஒரு கோப்பை ஒருவர் திறந்து வைத்திருக்கும்வரை அது அழித்தாலும் உள்ளே நிலைத்திருக்கும். என்.எப்.எஸ். எனப்படும் பகிர்வு முறையோ மற்றக் கணினிகளுக்கு அந்த உறுதியைத் தருவதில்லை. படித்துக் கொண்டிருக்கும் வழங்கியின் கையிலிருந்து ஏடு மறைந்துவிடும்!

இனி, வழங்கிதோறும் தனி அடைவு ஆக்குவதெனின் பூட்டுச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு வழங்கி சிறிது நேரம் நின்று மீண்டால், இடையில் வந்தவற்றை இழந்திருக்கும். யாரும் அறியாமல் வளரும் இப்பிழை முன்னதினும் கொடிது.

எழுதும் கை ஒன்றாகவும் படிக்கும் கண்கள் பலவாகவும் அமைவதே தக்க வழி. யோனிக் சீலி 2004-இல் சிநெட் நிறுவனத்தில் தொடங்கிய சோலர் இவ்வழியைப் பின்பற்றியது. தலைமை வழங்கி ஒன்றே எழுதும். ஏனையவை புதிய துணுக்குகளை மட்டும் படியெடுக்கும். எழுதிய துணுக்கு மாறாததால் இது எளிதாயிற்று. படியெடுப்பு முழுதும் முடிந்த பின்னரே பட்டியல் மாறும். எனவே அரைகுறை அடைவை எவரும் காணார்.

தலைமை வழங்கி விழுந்தால் என் செய்வது? 2010-இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச்சில் வழங்கிகள் தாமே தலைமையைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் இடையே கம்பி அறுந்தால், இரு பக்கமும் மற்றது இறந்ததெனக் கருதித் தனித்தனித் தலைமையை ஏற்படுத்திக் கொள்ளக்கூடும். இதனைத் தடுப்பது பெரும்பான்மை விதி: மூன்றில் இரண்டு ஒப்பினாலன்றித் தலைமை இல்லை. அந்த எண்ணிக்கையை முன்பு மேலாளரே குறிக்க வேண்டியிருந்தது. 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு அப்பொறுப்பைத் தானே ஏற்றது.

இவ்வளவிருந்தும் படிகள் சற்றே பிந்துவது தவிராது. ஒரே வாசகரின் வினாக்களை ஒரே படிக்கு அனுப்பினால், அவர் காணும் எண்ணிக்கை முன்னும் பின்னும் ஆடாது. திரும்பப் பெற்ற குறிப்புகளுக்கு மட்டும் அடைவை நம்பாமல், விடையைக் காட்டுமுன் மூல ஏட்டை ஒருமுறை பார்த்துக் கொள்வதே பாதுகாப்பானது.