பிழை திருத்தத்துக்கும் மின்கணக்கு உண்டு

காரைக்கால் மாவட்டத்தின் வடக்கு விளிம்பில், தரங்கம்பாடிக்கு அருகே உள்ளது பூவம். இந்தக் கரையோரத்திலிருந்து ஃபைபர் படகில் கடலுக்குச் செல்பவரின் கைப்பேசி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் பெரும்பாலும் ஊமையாகிவிடும். அதற்கு அப்பால் இருப்பவருக்குப் புயல் எச்சரிக்கை எவ்வாறு சென்று சேரும்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ஆழ்கடலில் இருந்த குமரி, கேரள மீனவர்களைத் தாக்கியபோது இக்கேள்விக்குச் சரியான விடை நம்மிடம் இல்லை. 2019 அக்டோபரில் அறிமுகமான ‘ஜெமினி’ கருவி அந்த விடைகளுள் ஒன்று. ‘ககன்’ செயற்கைக்கோள் அமைப்பின் வழியே வரும் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்குத் தருகிறது இச்சிறு பெட்டி.

இந்தப் பெட்டி மின்கலத்தில் இயங்குவது. மின்கலம் தீர்ந்துவிட்டால் எச்சரிக்கையும் இல்லை. எனவே அதற்குள் மின்சாரம் எங்கே செலவாகிறது என்பது பொறியாளர்கள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அல்ல.

ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை, இரைச்சலுக்குள் அமிழ்ந்தே வந்து சேர்கிறது. அனுப்பியது ஒன்றா பூச்சியமா என்று ஒவ்வொரு பிட்டையும் தனித்தனியே தீர்மானித்தால் தவறுகள் மலியும். ஆகவே ககன் அமைப்பு, நொடிக்கு 250 பிட் செய்தியை 500 குறிகளாக விரித்து அனுப்புகிறது. ஒவ்வொரு பிட்டும் தனக்கு முந்தைய ஆறு பிட்களோடு பின்னப்பட்டு இரண்டு குறிகளாகிறது. இரைச்சலில் ஒரு குறி சிதைந்தாலும், அக்கம்பக்கத்துக் குறிகள் சாட்சி சொல்லும்.

அந்தச் சாட்சியங்களை விசாரிக்கும் முறையை 1967-இல் ஆண்ட்ரூ விட்டர்பி வகுத்தார். முந்தைய ஆறு பிட்கள் 64 விதமாக இருந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் ஒரு சந்திப்பு எனக் கொள்வோம். ஒவ்வொரு சந்திப்புக்கும் வந்து சேர இரு வழிகள் உண்டு. கேட்ட குறிகளோடு அதிகம் முரண்படும் வழியைத் தள்ளிவிட்டு, மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு பிட்டுக்குப் பிட் முன்னேறி, இறுதியில் மிகக் குறைந்த முரண்பாடு உடைய வழியைச் செய்தியாக ஏற்பது விட்டர்பி முறை. இதனால் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 5 டெசிபல். அதாவது, அதே தரத்தில் செய்தியைச் சேர்ப்பிக்க மூன்றில் ஒரு பங்கு அலைபரப்பு ஆற்றல் போதும்.

பொருளியல் படித்தவனுக்கு இவ்விடத்தில் ஒரு சந்தேகம் எழும். செயற்கைக்கோளில் மிச்சமான செலவு ஒழிந்ததா, இடம் மாறியதா? மாறத்தான் செய்தது. அதன் ஒரு பகுதியைப் படகில் இருக்கும் பெட்டி செலுத்துகிறது.

அந்தப் பகுதியை மிகைப்படுத்தவும் கூடாது. நொடிக்கு 250 பிட், பிட்டுக்கு 64 தேர்வு என்றால் 16,000 தேர்வுகள். இன்றைய சில்லுக்கு இது சிறு வேலை. செயற்கைக்கோளின் சமிக்ஞையைத் தேடிப் பிடிக்கும் பகுதியே கூடுதலாக மின்சாரம் உண்ணும். ஆனால், இதே முறையை நொடிக்கு நூறு கோடி பிட் பெறும் ஒரு 5ஜி கைப்பேசியில் பயன்படுத்தினால் நொடிக்கு 6,400 கோடி தேர்வுகள். அங்கே பிழை திருத்தும் சுற்று பெருந்தீனிக்காரன்.

செலவைக் குறைக்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது பேரேட்டுக் கணக்கை ஒத்தது. 64 வழிகளின் வரலாற்றையும் நினைவகத்தில் வைத்தாக வேண்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் முழு வரலாற்றையும் புதிய இடத்துக்குப் பெயர்த்தெழுதுவது ஒரு முறை. அன்றாடம் பழைய பேரேடு முழுவதையும் படியெடுக்கும் கணக்குப்பிள்ளையைப் போல. அன்றைய பதிவை மட்டும் எழுதிவிட்டு, தேவைப்படும்போது பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுவது மற்றொரு முறை. வழிகள் பலவாக இருக்கும் சுற்றுகளில் இரண்டாவதே சிக்கனம். விடை சற்றுத் தாமதமாகும், அவ்வளவே.

அடுத்தது மின்னழுத்தம். சில்லின் ஒரு செயலுக்கு ஆகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால்பங்காகும், வேகமும் குறையும். நொடிக்கு 250 பிட் பெறும் கருவிக்கு வேகம் எதற்கு? ஆயினும் மிகவும் தாழ்த்தினால் சும்மா இருக்கும்போதே கசியும் மின்சாரம் மேலோங்கிவிடும்.

5ஜி-யின் தரவுத் தடத்தில் இருப்பது எல்டிபிசி என்னும் வேறொரு குறிமுறை. 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கேலகர் கண்டது. அதைத் தாங்கும் சுற்றுகள் அன்று இல்லாததால் முப்பது ஆண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. அதில் சுற்றுச் சுற்றாகத் திருத்தம் நடக்கும். எல்லாச் சரிபார்ப்புகளும் பொருந்தியதும் மீதிச் சுற்றுகளைக் கைவிடலாம். சமிக்ஞை தெளிவாக இருந்தால் சில சுற்றுகளிலேயே வேலை முடிந்துவிடும்.

அலைபரப்பும் ஆற்றலை மட்டும் எண்ணினால், எவ்வளவு வலிமையான குறிமுறையோ அவ்வளவு நல்லது என்றே தோன்றும். பெறுபவரின் ஆற்றலையும் சேர்த்தால் முடிவு மாறுகிறது என்பதை பெர்க்லியில் அனந்த் சகாயும் புல்கித் குரோவரும் காட்டினர். தொலைவு குறையக் குறைய, எளிய குறிமுறையோடு சற்றுக் கூடுதல் ஆற்றலில் அனுப்புவதே மொத்தத்தில் மலிவாகலாம்.

இன்னொரு சமனின்மையும் உண்டு. குறியாக்கம் மலிவு, குறியை அவிழ்ப்பதுதான் செலவு. ஆறு பிட்களைப் பின்னி அனுப்ப ஒரு கைப்பிடித் தருக்க வாயில்கள் போதும். ஆகவே படகிலிருந்து கரைக்குச் செல்லும் செய்தியில் கடினமான குறிமுறையை வைத்து, அவிழ்க்கும் சுமையை மின்சாரத்துக்குக் குறைவில்லாத கரை நிலையத்தின் மீது ஏற்றலாம். எதிர்த்திசையில் படகின் சுமை குறைவாக இருக்க வேண்டும்.

இருவழிச் செய்திக்கான டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் ரூ.364 கோடித் திட்டத்தை ஒன்றிய அரசு கையில் எடுத்துள்ள நிலையில் இது முக்கியம். வகுத்துப் பார்த்தால் படகொன்றுக்கு ரூ.36,400. இத்தகைய கருவிகளை வாங்கும்போது, விலையோடு இன்னோர் எண்ணையும் கேட்க வேண்டும்: சமிக்ஞை நலிந்திருக்கும் நேரத்தில், பிழையின்றிப் பெறும் ஒரு செய்திக்குக் கருவி முழுவதும் சேர்ந்து எத்தனை ஜூல் செலவிடுகிறது? கரைக்கு அருகே, தெளிந்த வானத்தின் கீழ் எடுத்த அளவீடு இதற்கு உதவாது.