ஓயாத வாந்தியும் இரைப்பை மின்தூண்டலும்

செல்லூரில் தறியுள்ள வீடுகளில் ஒருவருக்கு உண்டது தங்காமல் இரண்டு நாள் வாந்தியானால், ‘பித்தம்’ என்று கூறிச் சீரகத் தண்ணீர் கொடுப்பர். அதற்கும் அடங்காவிடில் தொக்கம் எடுப்பவரிடம் அழைத்துச் செல்வர். பெரும்பாலான வாந்திகள் ஓரிரு நாட்களில் தாமே நின்றுவிடுபவை; ஆதலால் தொக்கம் எடுத்தவருக்கு நற்பெயர் எளிதில் கிட்டிவிடுகிறது. இக்கட்டுரை அவ்வாறு நின்றுவிடும் வாந்தியைப் பற்றியதன்று. நாலு கவளம் உண்பதற்குள் வயிறு நிறைந்துபோதல், நண்பகலில் உண்ட சோறு இரவில் உருமாறாமல் வெளிவருதல், உடல் நாளுக்கு நாள் மெலிதல் என்று மாதக்கணக்கில் நீடிக்கும் நோயைப் பற்றியது. இதனை மருத்துவர் காஸ்ட்ரோபரேசிஸ் என்பர். இரைப்பைத் தளர்ச்சி என்று நாம் சொல்லலாம்.

இரைப்பை வெறும் பை அன்று. மிதியை ஒழுங்காக மிதித்தால்தான் பாவு திறந்து நாடா ஓடும் என்பதை நெசவாளருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. இரைப்பைக்கும் அத்தகைய ஒரு தாளம் உண்டு. அதன் சுவரிலுள்ள காஹால் அணுக்கள் என்பவை நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 முறை மெல்லிய மின்னலையை எழுப்புகின்றன. அவ்வலையைப் பின்பற்றித் தசை சுருங்கி, உணவைக் கூழாக்கிச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் தள்ளுகிறது. அமெரிக்க மருத்துவரான வால்டர் ஆல்வரெஸ் என்பார் வயிற்றின் தோல்மீதிருந்தே இவ்வலையைப் பதிவுசெய்து 1922-இல் வெளியிட்டார். மூளையிலிருந்து இரைப்பைக்கு இறங்கிவரும் வேகஸ் நரம்பும் இவ்வியக்கத்தை நடத்துவிக்கிறது. அந்நரம்போ இவ்வணுக்களோ கெட்டால் தாளம் தவறும். வழியில் அடைப்பு எதுவுமின்றியே உணவு தேங்கிவிடும்.

கெடுப்பவற்றுள் முதன்மையானது பல ஆண்டு நீடித்த நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 14.4 பேர் நீரிழிவுடையோர். அவர்கள் எல்லோருக்கும் இரைப்பை தளர்ந்துவிடுவதில்லை. ஒரு சிலருக்கே இந்நிலை வரும். இரண்டாவது காரணம் நம் பக்கத்து முதியோருக்கு உரியது. தென்னாட்டில் குடற்புண் மிகுந்திருந்த காலத்தில், அமிலத்தைக் குறைக்கும்பொருட்டு வேகஸ் நரம்பை வெட்டிவிடும் அறுவைச் சிகிச்சை பெருவழக்காக இருந்தது. குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்று 1980-களில் தெரியவந்தபின் அவ்வழக்கம் அருகியது. எனினும் ‘அல்சர் ஆபரேஷன்’ செய்துகொண்ட தழும்புடன் இன்றும் பலர் இருக்கின்றனர். அவர்கள் வாந்திக்கென மருத்துவரிடம் செல்லுங்கால் அத்தழும்பைக் காட்டத் தவறலாகாது. பலருக்குக் காரணம் இன்னதென்று புலப்படுவதேயில்லை.

இந்நோயில் வாந்தியினும் அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. விடியுமுன் மல்லிகை பறிக்கச் செல்லும் ஒருவர், வழக்கம்போல் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு இட்டிலியும் உண்டு புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊசி மருந்து குறித்த நேரத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். இட்டிலியோ இரைப்பையிலேயே கிடக்கும். இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, அவர் வரப்பிலேயே விழக்கூடும். பிற்பகலில் அவ்வுணவு ஒருங்கே குடலுக்கு இறங்குகையில் சர்க்கரை உச்சத்துக்கு ஏறும். ‘மருந்தை ஒழுங்காகப் போட்டும் சர்க்கரை ஏறியிறங்கித் தடுமாறுகிறது’ என்போரின் இரைப்பையையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது தகும்.

முதலில் வழியில் அடைப்போ புற்றோ இல்லை என்பதை எண்டாஸ்கோப்பிக் குழாயினால் உறுதி செய்தல் வேண்டும். கோரிப்பாளையத்தை அடுத்துள்ள அரசு இராசாசி மருத்துவமனையில் இரைப்பை, குடல் நோய்களுக்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது. நம்மவர்க்கு அது தொலைவன்று. அடுத்த சோதனை, சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவை உண்பித்து, அது எவ்வளவு நேரத்தில் இரைப்பையை விட்டு நீங்குகிறதென்று படமெடுத்தல். நான்கு மணி நேரத்துக்குப் பின்னும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கியிருப்பின் தளர்ச்சி உண்டென்பர். வலி தணிக்கும் அபின் வகை மருந்துகளும், நீரிழிவுக்கும் உடல் பருமனுக்கும் அண்மையில் வந்துள்ள செமாகுளூட்டைடு போன்ற ஊசிகளும் இரைப்பையை மெதுவாக்குபவை. ஆகவே, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

சிகிச்சை உணவிலிருந்தே தொடங்கும். ஒருவேளைச் சாப்பாட்டை மூன்றாகப் பகுத்து உண்ணல், குழைந்த கஞ்சி, எண்ணெயும் நாரும் குறைத்தல், உண்டவுடன் படுக்காதிருத்தல் ஆகியவை முதற்படி. கீரையும் நார்க்காயும் உடம்புக்கு நல்லவையாயினும் இந்நோயாளிக்கு ஆகா என்பது வீட்டிலுள்ளோர் ஏற்க மறுக்கும் செய்தி, ஆயினும் உண்மை. மருந்துகளுள் மெட்டோகுளோப்பிரமைடு பழமையானது. அதனை நெடுங்காலம் உட்கொண்டால் முகமும் நாவும் தாமே அசையும் கோளாறு நிலைத்துவிடக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2009-இல் கடுமையாக எச்சரித்தது. மருத்துவர் எழுதிய நாட்களுக்கு மேல், பழைய சீட்டைக் காட்டிக் கடையில் அதனை வாங்கி உண்ணலாகாது.

இவை யாவும் பயன்படாத சிலருக்கே மின்தூண்டல். இதயத்துக்கு மின்கருவியை உடலினுள் முதன்முதல் பொருத்தியது 1958-இல், ஸ்டாக்ஹோம் நகரில். இரைப்பைக்கும் அவ்வாறே செய்யலாமென எண்ணி 1963-இல் அமெரிக்காவில் பில்குதாய் என்பவரும் அவர் குழுவினரும், மூக்கின் வழியே செலுத்திய குழாய் மூலம் மின்சாரம் கொடுத்துப் பார்த்தனர். பின்னர் நெடுங்கால ஆராய்ச்சியின் பயனாக என்டெர்ரா என்னும் கருவி வந்தது. 2000-இல் அமெரிக்க அரசு அதனை முழு அனுமதியுடன் ஏற்கவில்லை. சிலருக்கே வரும் நோய்களுக்கென வகுத்த மனிதாபிமான விலக்கின்கீழ் அனுமதித்தது. தீங்கினும் நன்மை மிகுதியாயிருக்கக் கூடும், ஆனால் பயன் ஐயமற நிறுவப்படவில்லை என்பதே அதன் பொருள்.

இரைப்பைத் தசையில் இரண்டு மெல்லிய கம்பிகளைத் தைத்து, அவற்றை வயிற்றுத் தோலின்கீழ் வைத்த சிறு மின்கலப் பெட்டியுடன் இணைப்பர். அப்பெட்டி ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை, அதாவது நிமிடத்துக்கு 12 தடவை, மிக நுண்ணிய மின்துடிப்பை அனுப்பும். இரைப்பையின் இயல்பான தாளத்துக்கு இது நான்கு மடங்கு. இதில் வியப்பு யாதெனில், இத்துடிப்பு தசையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலுடையதன்று; உணவு முன்னினும் விரைவாக இறங்குவதும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் சிலருக்கு வாந்தி குறைகிறது. இரைப்பையிலிருந்து வேகஸ் நரம்பு வழியே மூளைக்கு ஏறும் குமட்டற் செய்தியை இது தணிக்கிறது என்றே அறிஞர் கருதுகின்றனர். ஆகவே ‘வயிற்றுக்குப் பேஸ்மேக்கர்’ என்று வழங்கும் பெயர் அத்துணைப் பொருத்தமன்று.

பயனைப் பற்றிய சான்றுகள் ஒரே முகமாக இல்லை. 2003-இல் வெளியான, 33 பேரைக் கொண்ட ஆய்வில், கருவி இயங்குகிறதா இல்லையா என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் அறிவிக்காமல் மாதம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தனர். இயங்கிய மாதத்தில் வாந்தி குறைந்தது. 2010-இல் நீரிழிவுடையோரிடம் நடத்திய ஆய்விலோ அத்தகைய வேறுபாடு தெளிவாகப் புலப்படவில்லை. 2020-இல் பிரான்சிலிருந்து வந்த 172 பேர் ஆய்வு வாந்தியும் குமட்டலும் தணிவதைக் காட்டிற்று. எனினும் நோயாளிகளின் பொதுவான வாழ்க்கை நலம் உயர்ந்ததாகக் காணவில்லை. நாள்தோறும் பலமுறை வாந்தியெடுத்து, குழாய் வழியே உணவு பெறுபவருக்கு வாந்தி பாதியாவதே பெரும்பேறு. மந்த வயிறும் வலியும் மட்டுமே உடையவருக்கு இதனால் ஆவது சிறிது.

கருவி வைத்த இடத்தில் சீழ் பிடித்தலும், கம்பி இடம்பெயர்தலும் உண்டு. அதனால் மீண்டும் எடுக்க நேர்ந்தவரும் உளர். மின்கலம் சில ஆண்டுகளில் தீரும். அப்போது மறுபடியும் அறுவை. எம்.ஆர்.ஐ. படமெடுக்குமுன் கருவி இருப்பதைக் கூறியாக வேண்டும். நம் நாட்டில் இச்சிகிச்சை இன்னும் அரிதே. குழாய் வழியே இரைப்பையின் வாயில் தசையைக் கீறித் தளர்த்தும் புதிய முறை, 2013-இல் முதன்முதல் மனிதரிடம் செய்யப்பட்டது, நம் பெருநகர் மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. எதனைப் பரிந்துரைத்தாலும் செலவை மட்டுமன்றி, மறுமுறை வேண்டிவரும் செலவையும் முன்னரே கேட்டறிதல் நலம்.

கருவி பொருத்தியபின் வாந்தி நின்றுவிட்டதென்று பழையபடி ஊசி போட்டுக்கொள்வது ஆபத்து. உணவு இன்னும் மெதுவாகவே இறங்குகிறது. ஆதலால் ஊசியின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் புதிதாகக் கேட்டே வகுத்துக்கொள்ள வேண்டும்.