ஓதியும் பார்ப்போம், உயரமும் அளப்போம்

காபிப் பழம் பறிக்கும் காலம். ஜும்ஆ பயானுக்காக ஏற்காடு போயிருந்தேன். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரி தன் மகனைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் அவருடைய மாமியார், தோளில் ஒரு கைக்குழந்தையோடு.

"ஹஜ்ரத், பிள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கும் போல. சாப்பிட மாட்டேங்கிறான், வளரவும் மாட்டேங்கிறான். கொஞ்சம் ஓதி ஊதுங்க."

பையனுக்கு இரண்டு வயதுக்குள் இருக்கும் என்று நினைத்தேன். மூன்று முடியப் போகிறது என்றார். ஓதினேன். கண்ணேறு உண்டு என்பது நம் நம்பிக்கை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓதி முடித்ததும், "அங்கன்வாடியில எடை, உயரம் பார்த்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அது கூலிக்காரங்க பிள்ளைங்க போற இடம் ஹஜ்ரத். நாங்க அனுப்புறதில்ல."

அவருடைய கணவர் ஒரு எஸ்டேட்டில் டிரைவர். வருமானம் அந்தக் கூலிக்காரர்களுடையதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்காது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தப் பதில்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் போவதை மருத்துவர்கள் 'வளர்ச்சி குன்றுதல்' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி மூன்று வயது ஆண் பிள்ளையின் சராசரி உயரம் சுமார் 96 செ.மீ. 88.7 செ.மீ.க்குக் கீழே போனால் அந்தப் பிள்ளை வளர்ச்சி குன்றியது. "அவங்க அத்தாவும் குட்டைதான்" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஐந்து வயதுக்குள் பிள்ளையின் உயரத்தைப் பரம்பரையைவிட அதிகம் தீர்மானிப்பது உணவும், நோயும், தாயின் உடல்நிலையும்தான். உயரத்தோடு மூளை வளர்ச்சியும் நோய் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்தே குறைகின்றன.

2019-21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 35.5 சதவீதம் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 25 சதவீதம், அதாவது நான்கில் ஒரு பிள்ளை. சத்துணவுக்கு நாடறிந்த பெயர் வாங்கிய நம் மாநிலத்திலேயே இந்தக் கதி. ஏன்?

தாயின் வயிற்றில் கரு உருவான நாளிலிருந்து இரண்டு வயது முடியும் வரை ஏறத்தாழ ஆயிரம் நாட்கள். உயரம் பெரும்பாலும் இழக்கப்படுவது இந்த நாட்களில்தான். நம்முடைய பெரிய உணவுத் திட்டங்களோ பிள்ளை நடந்து வரக்கூடிய வயதில்தான் ஆரம்பிக்கின்றன. பள்ளிச் சத்துணவு, 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அங்கன்வாடியில் சூடான மதியச் சாப்பாடு எல்லாமே நல்லவை, தேவையானவை. ஆனால் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு அங்கன்வாடி முக்கியமாகத் தருவது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு. அதன் பிறகு என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டின் கதை. சில வீடுகளில் மூத்த பிள்ளைகள் உருண்டை பிடித்துத் தின்கிறார்கள். சில வீடுகளில் ஆட்டுக்குப் போகிறது. நம் வீடுகள் சிலவற்றில், "ரேஷன் சாமான் மாதிரி, இதைப் போய் வாங்குவதா" என்று வாங்குவதே இல்லை.

மலையில் சிரமம் இன்னும் கூடுதல். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கமெல்லாம் வீடுகள் சரிவுகளில் சிதறிக் கிடக்கும். அங்கே அதிகம் வாழ்வது மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் என்று பெயரைப் பார்த்து நினைத்துவிட வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள்). சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலையில் இன்று ரேஷன் அரிசிதான் தட்டில். பழம் பறிக்கும் மாதங்களில் தாய் காலையில் தோட்டத்துக்குப் போனால் மாலையில்தான் திரும்புவாள். கைக்குழந்தைக்குப் பாட்டி கொடுப்பது டீயில் நனைத்த பிஸ்கட். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பத்து, பதினைந்து பேரை வைத்துப் பழம் பறிக்கும் சிறு தோட்டத்தை அது எட்டவில்லை.

ஒரு திட்டத்தின் விதி, வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையின் வயிற்றை எப்படித் தொடும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சம்பவம் உண்டு. இப்னு ஸஅத் தம் தபகாத்தில் பதிவு செய்திருக்கிறார். பால்குடி மறந்த பிள்ளைகளுக்குத்தான் அரசு உதவித்தொகை என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஏற்பாடு. மதீனாவுக்கு வெளியே தங்கிய வணிகக் கூட்டத்துக்கு ஓர் இரவு காவல் இருந்தபோது, ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் போய்க் கண்டித்தார்கள். தன்னிடம் பேசுபவர் யார் என்று அறியாத அந்தத் தாய், பால் மறந்தால்தான் உமர் பணம் தருவார், அதனால் சீக்கிரம் மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அழுத அழுகையில் கிராஅத் மக்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். பிறகு, பிறந்த நாளிலிருந்தே உதவித்தொகை என்று அறிவிக்கச் செய்தார்கள். விதி எழுதியவர் நல்லவர்தான். ஆனாலும் அந்த விதியால் ஒரு குழந்தை பசியில் அழுதது. அழுகை காதில் விழுந்ததும் அவர்கள் விதியை மாற்றினார்கள்.

தமிழ்நாட்டிலும் இந்த வயதைக் குறிவைத்த ஒரு திட்டம் இருந்தது. 1980ல் உலக வங்கி உதவியோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு, தாய்க்கு ஆலோசனை. 2022ல் நீலகிரியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டமும் அளந்து கண்டுபிடித்து உதவுவதுதான். தராசில் ஏற்றாத பிள்ளையை எந்தத் திட்டத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே ஊருக்கு ஊர் 'போஸ்யாண்டு' என்ற மாதாந்திர முகாம். நடத்துவது பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள், தன்னார்வலர்களாக. வருகிற பிள்ளையின் எடையை அட்டையில் குறிப்பார்கள். முஹம்மதிய்யா இயக்கத்தின் பெண்கள் அமைப்பான ஆயிஷிய்யா போன்றவையும் இந்த வேலையில் இறங்கின. 2018ல் 30.8 சதவீதமாக இருந்த வளர்ச்சி குன்றுதல் 2022ல் 21.6 ஆனது. அங்கே நடந்த ஆய்வுகளில் என்னை உறுத்திய ஒன்று: அத்தா சிகரெட் பிடிக்கும் ஏழை வீடுகளில் பிள்ளைகள் குட்டையாக இருப்பது அதிகம். முட்டைக்கும் பருப்புக்கும் போக வேண்டிய காசு புகையாகிறது. நம் டீக்கடை பெஞ்சுகளுக்கு இந்தோனேசியா ஒன்றும் தூரமில்லை.

அல்பகரா 233ஆம் வசனத்தை எடுத்து, தாய் இரண்டு ஆண்டு பாலூட்ட வேண்டும் என்று நாங்கள் பயான் செய்கிறோம். அதே வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. அந்தப் பாதியை எத்தனை மிம்பரில் கேட்டிருக்கிறீர்கள்? அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் மருமகள்தான் அந்தக் கணக்கில் இருக்கிறாள். பதினேழு வயதில் நிகாஹ் செய்து வைக்கும் வீடுகளும் இதில் சேர்த்தி.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. தாய்ப்பால் போதும், பல் முளைக்கட்டும் என்று பத்து மாதம் வரை காத்திருக்கிறார்கள். ஆறு மாதம் முடிந்ததும் பாலோடு உணவும் வேண்டும். தண்ணீரான கஞ்சியில் சின்ன வயிறு நிரம்பும், சத்து சேராது. சோறு, பருப்பு, கீரை, ஒரு சொட்டு நெய் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, முட்டை மஞ்சள் கரு, சத்துமாவுக் கூழ் என்று நாளைக்கு இரண்டு மூன்று வேளை தரலாம். வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வயிற்றுப்போக்கும் வளர்ச்சியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து அந்த டிரைவர் சகோதரர் போன் செய்தார். அங்கன்வாடிக்குப் போனார்களாம். பையன் 86 செ.மீ. இருக்கிறான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இழந்த உயரம் முழுவதும் திரும்புவது கடினம். நல்ல சாப்பாடும் சிகிச்சையும் இருந்தால் இனி இழப்பதைத் தடுக்கலாம்.

"அந்தக் கைக்குழந்தை யாரும்மா?" என்று அன்று நான் கேட்கவே இல்லை. போனில் கேட்டேன். மகளாம். வருகிற மாதம் ஆறு மாதம் முடிகிறது. "சத்துமாவு பாக்கெட்டுக்குப் பேர் கொடுத்தாச்சு ஹஜ்ரத்" என்றார்.