வட்டுகளின் இராக்காவல்

வங்கியிலே நம் கணக்கையும் மருத்துவமனையிலே நம் நோய்க் குறிப்பையும் இன்று தாங்கி நிற்பவை கணனிக் கூடங்களில் உள்ள வட்டுகளே. வட்டொன்று பழுதுற்றால் அதிலுள்ள யாவும் அழியும். ஆதலால் பல வட்டுகளை ஓரணியாகச் சேர்த்து, ஒன்று கெடினும் மற்றையவற்றைக் கொண்டு அதனை மீட்கும் முறையை வகுத்தனர். கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றேசன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையினால் அது 'றெயிட்' என்று பெயர்பெற்றது.

மாணவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 4, 7, 2 என்பவற்றை மூன்று வட்டுகளிலும், அவற்றின் கூட்டுத்தொகையாகிய 13ஐ நான்காவதிலும் எழுதிவைத்தோமாயின், 7 தொலைந்தாலும் எஞ்சியவை அதனைக் காட்டிக்கொடுக்கும். மெய்யாக நடப்பது வேறொரு கணக்கு, கருத்து இதுவே.

இவ்வணியை ஆளும் மின்னட்டைக்குக் கட்டுப்படுத்தி என்று பெயர். கெட்ட வட்டுக்குப் பதிலாகப் புதியது செருகப்பட்டதும், இழந்தவற்றை அதில் மீண்டும் எழுதுவது இதன் வேலை. ஆயினும் அவ்வேளையிலும் அலுவலர்கள் கணக்குக் கேட்டு வந்துகொண்டே இருப்பர். யாருக்கு எவ்வளவு நேரம்? மெகாறெயிட் என்னும் கட்டுப்படுத்திகளில் இதற்கென 0 முதல் 100 வரை ஓர் அளவு உண்டு. 0 எனின் வேறு வேலை இல்லாதபோது மட்டுமே மீட்பு நடைபெறும். 100 எனின் மீட்புக்கே முதலிடம். தயாரிப்பாளர் வைத்தனுப்புவது 30.

அலுவலர்கள் முணுமுணுக்கின்றனர் என்பதற்காக இதனைக் குறைத்துவிடுவோர் உளர். 10 டெராபைற் கொள்ளும் வட்டு, வினாடிக்கு 200 மெகாபைற் வீதம் எழுதப்பட்டாலும் நிறைவதற்கு ஏறக்குறைய 14 மணி நேரம் செல்லும். வேகம் பாதியாயின் 28 மணி. ஒரு வட்டின் இழப்பை மட்டுமே தாங்கவல்ல அணியில், அத்தனை மணியிலும் இன்னொரு வட்டு கெடுமாயின் எல்லாம் போயிற்று! அளவை இரவில் உயர்த்திப் பகலில் தாழ்த்துவதே தக்கதென்பது நம் கருத்து. வேலை நடக்கும்போதே அதனை மாற்றலாம்.

இனி, ஓலைக் கூரையின் ஓட்டை மழை வந்தபின்தான் தெரியும் அல்லவா? நெடுநாள் எவரும் வாசியாத மூலையொன்று வட்டில் பழுதுற்றுக் கிடப்பினும் அப்படியே. மீட்பின் நடுவே அம்மூலையை வாசிக்க நேரும்போது கணக்கு தடுமாறும். 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளை 32 மாதங்கள் கவனித்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றுக்கு 3.45 வட்டுகளில் இத்தகைய மறைந்த பழுதைக் கண்டது.

இதனை முன்கூட்டியே தேடுவதற்காகவே காவற்சுற்று என்னும் பின்னணி வேலை உள்ளது. மெகாறெயிட் வழக்கமாக 168 மணிக்கொருமுறை, அதாவது வாரந்தோறும், வட்டுகளை முற்றாக வாசித்துப் பார்க்கும். வேகங் குறைகின்றதென்று இதனை அறவே நிறுத்துவது, செலவு மிச்சமென்று காவற்காரனை வீட்டுக்கு அனுப்புவதை ஒக்கும். நேரத்தை மாற்றினாலே போதும். தனியட்டை இல்லாது மென்பொருளாலேயே வட்டணியை ஆளும் டெபியன் என்னும் இயக்க முறைமை, இத்தகைய சோதனைக்கு நெடுங்காலமாக வைத்திருந்த வேளை, மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு கழிந்து 57ஆவது நிமிடம்.