வைத்தியருக்கு யார் சொல்வது?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர்கள், பஸ்ஸில் ஏறி அமர்ந்த மாத்திரத்தில், இந்த டாக்டர் முகம் பார்த்துப் பேசினார், அந்த டாக்டர் சொன்னதைக் காதில் வாங்காமலே சீட்டு எழுதினார் என்று வழங்கும் தீர்ப்புகள், வேப்பூரையும் செந்துறையையும் எட்டிவிடுகின்றனவே ஒழிய, உரிய வைத்தியரின் செவிக்கு எட்டுவதில்லை.

தம் குறையைத் தாமே அறியமாட்டாரா? வைத்தியர்கள் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தையும் பிறர் அளந்து கண்ட திறமையையும் பொருத்திப் பார்த்த 20 ஒப்பீடுகளை, 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஒரு குழு சீர்தூக்கியபோது, 13-ல் இரண்டுக்கும் சம்பந்தம் அற்பமாகவோ, இல்லாமலோ, நேர் விரோதமாகவோ இருந்தது. திறமை குறைந்தும் நம்பிக்கை மிகுந்தும் இருந்தவர்களே தம்மை மதிப்பிடுவதில் பெரிதும் தவறினார்கள்.

பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல், ஒவ்வொரு வைத்தியரும் ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் நோயாளிகளிடமும் சகாக்களிடமும் அபிப்பிராயம் திரட்டிக் காட்டினாலன்றி உரிமம் நீடிப்பதில்லை. கோபக்காரர் ஒருவர் எழுதுவதே தீர்ப்பாகிவிடாதா என்ற அச்சம் நியாயமானதே. ஆகவேதான் அங்கு, சுமார் 34 நோயாளிகளும் 15 சகாக்களும் சொன்னால்தான் மதிப்பீடு நம்பத்தக்கது என்று கணக்கிட்டார்கள். அப்படியும், மதிப்பீட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் எவரும் திருந்துவதில்லை. பக்குவமறிந்த ஒருவர் உடனிருந்து விளக்கும்போதே பலன் தெரிகிறது.

பிறரைக் கேட்டு ஆராய்வது நமக்கு அந்நியமான முறையன்று. பிரசவத்தை ஒட்டித் தாய் ஒருத்தி இறந்தால், தமிழகத்தில் 1990-களிலிருந்தே அம்மரணம் ஆராயப்படுகிறது: சிகிச்சை அளித்தோரின் குறிப்புகளைச் சக வைத்தியர்கள் பரிசீலிக்கிறார்கள், வீட்டாரிடம் நடந்ததை நடந்தபடி கேட்டெழுதுகிறார்கள், 2010-ன் தேசிய நெறிமுறைப்படி, உறவினர் கலெக்டர் முன்னிலையில் அமர்ந்து பேசவும் இடமுண்டு. வண்டி எப்போது வந்தது, இரத்தம் எங்கே கிடைக்காமற்போயிற்று, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு அலைக்கழித்தார்கள் என்பதெல்லாம் அங்கே வெளியாகும். எவரையும் தண்டிப்பது அதன் நோக்கமன்று. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2001-03-ல் 134 ஆக இருந்த தாய் மரணம், 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. முழுப் புகழையும் இந்த ஆய்வுக்கே சூட்டுவது அநியாயம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்த்த நர்ஸுகளுக்கும் அதில் பங்குண்டு.

இறந்தவளைப் பற்றி இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற நாம், பிழைத்து வீடு திரும்புகிறவளைப் பெரும்பாலும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சக ஊழியர்களைக் கேட்பதென்றாலோ, நர்ஸ் ஒருவர் டாக்டரின் குறையைச் சொல்வது, நம் ஆஸ்பத்திரிகளின் மேல் கீழ் வரிசையில், அநேகமாக நடவாத காரியம்; பெயரை மறைத்தாலொழிய உண்மை வெளிவராது. எழுதத் தெரியாதவரிடம் படிவத்தை நீட்டுவதும் வீண்; வாய்மொழியாகவே கேட்கவேண்டும், அதுவும் அந்த டாக்டரின் கீழ் வேலை செய்யாத ஒருவர்.

2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து வருங்காலத்தில் வெளிவரப்போகும் வைத்தியர்களுக்காகவாவது, புறநோயாளிப் பிரிவின் வாசலில் நோயாளிகளை இப்படிக் கேட்பதை இப்போதே தொடங்குமாறு சுகாதாரத் துறையினரை வேண்டுகிறேன்.