குப்பைமேட்டில் எழுந்த ஆய்வுகூடம்

மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுதல் ஒரு தொழில். முன் அறியாததை ஆராய்ந்து காணுதல் பிறிதொரு தொழில். இரண்டையும் ஒருவரே செய்தல் வேண்டுமாயின், அவர்க்கு நேரமும் நூலும் கருவியும் வேண்டும். பகலெல்லாம் வகுப்பில் நின்று, இரவு ஏட்டுச்சுவடியை விரிக்கும் முன்னரே கண்ணயர்ந்துவிடும் என்போன்ற பண்டிதர்க்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலாற்றான் அமெரிக்கக் கறுப்பின மக்களுடைய கல்லூரிகளின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டது.

அந்நாட்டில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. ஆயினும் வெள்ளையர் கல்லூரிகள் பல கறுப்பின மாணாக்கர்க்கு வாயிலடைத்தே நின்றன. அவர்க்கெனத் தனிக் கல்லூரிகள் பல எழுந்தன. அலபாமா மாநிலத்திலே 1881இல் தோன்றிய டஸ்கீகி அவற்றுள் ஒன்று. அடிமையாய்ப் பிறந்த ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் அங்கே விவசாயம் கற்பிக்கச் சென்றார். அவர்க்கு வாய்த்த ஆய்வுகூடம் யாது? மாணாக்கரை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளிற் போத்தல்களும் சாடிகளும் பொறுக்கி, அவற்றையே கருவிகளாக்கினார். பருத்தி விளைத்து வளங்குன்றிய மண்ணை நிலக்கடலையும் பயறும் தேற்றும் என்று காட்டினார். ஏழை உழவர்க்கு விளங்குமாறு சிறு வெளியீடுகள் எழுதினார். 1916இல் வந்த வெளியீடொன்று நிலக்கடலையை உணவாக்க 105 வழிகளைக் கூறிற்று.

“வறுமையிலும் இத்துணை செய்தனரே, பின்னர்ப் பொருள் எதற்கு?” என வினவுவார் உளர். அவர்க்கு அதே டஸ்கீகி விடை தருகின்றது. 1953இல் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைச் சோதித்தற்கு மனித உயிர்க்கலங்கள் பெருந்தொகையாக வேண்டியிருந்தன. அந்நோயை ஒழிக்க முயன்ற தேசிய அறநிலையம் பொருளுதவி செய்தது. டஸ்கீகியிற் கறுப்பின அறிஞரும் உதவியாளரும் அக்கலங்களை வளர்த்து, நாட்டின் பல ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினர். ஹென்றியேட்டா லாக்ஸ் என்னுங் கறுப்பினப் பெண்ணின் உடலினின்று எடுக்கப்பட்ட கலங்களின் வழித்தோன்றல்களே அவை. அறிவு முன்பும் இருந்தது. கருவி வந்தபோது அது நாடு முழுவதற்கும் பயன்பட்டது.

ஆயினும் அக்கருவி எல்லார்க்கும் வந்திலது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாய் அமைந்த கறுப்பினக் கல்லூரிகளுக்கு, அவ்வம் மாநிலத்து வெள்ளையர்க்கென முன்னெழுந்த கல்லூரிகளோடு ஒப்பநோக்க, 16 மாநிலங்கள் ஏறக்குறைய முப்பதாண்டுகளில் 1,200 கோடி டொலருக்கு மேற் குறைத்துக் கொடுத்தன என்று 2023இல் மத்திய அரசே அம்மாநில ஆளுநர்க்கு எழுதியது. ஏறத்தாழ நூறாகிய இக்கல்லூரிகளுள், 2025இல் ஆராய்ச்சியில் முதல் வரிசைக்கு ஏறியது ஹோவர்ட் சர்வகலாசாலை ஒன்றே. அவ்வரிசைக்கு ஆண்டுதோறும் 5 கோடி டொலர் ஆராய்ச்சிச் செலவும் 70 கலாநிதிப் பட்டங்களும் வேண்டும்.

இவ்வளவையை எட்டுதற்குப் பாராட்டுரை உதவாது. ஆசிரியரின் வகுப்புச் சுமையைக் குறைத்தல் வேண்டும். ஆய்வுகூடமும் நூல்நிலையமும் அமைத்தல் வேண்டும். பட்டமேற்படிப்பு மாணாக்கர்க்கு உதவிப்பணம் அளித்தல் வேண்டும். நிதியைக் கேட்டுப் பெற்றுக் கணக்கு வைக்கும் அலுவலர் வேண்டும்.

கார்வர் போத்தல் பொறுக்கிய கதையை நாம் மாணாக்கர்க்குச் சொல்லுகின்றோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவரைக் குப்பைமேட்டுக்கு அனுப்பியது எது என்பதையுஞ் சேர்த்துச் சொல்லுவோமாக. மண்வெட்டி கொடாது வைத்துவிட்டு, நிலத்தில் நீரில்லை என்று பழித்தல் அறமாகாது.